நீலவேணி வாங்கின ரெண்டு மாடு

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபத்திரண்டு வயசு வரைக்கும் நான் ஒரே ஒரு சினிமாவின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை. அதைவிடக் கேவலம், பார்த்ததில்லை என்பதே எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில், கார்வேட்டிநகரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்ன கிராமம். சினிமா பார்க்க வேண்டுமென்றால் புத்தூருக்குத்தான் போக வேண்டும். புத்தூரில் மேட்னி இரண்டரைக்குப் போட்டு ஐந்து இருபதுக்கு விடுவார்கள். எங்கள் ஊர் பஸ்ஸும் அதே ஐந்து இருபதுக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் எட்டரைக்கு ஒன்று என்று பஸ் ஸ்டாண்டு போர்டில் எழுதியிருக்கும். (போர்டில் மட்டும்தான். அந்த எட்டரை பஸ்ஸைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் ஊரில் யாரும் கிடையாது.) ஆகவே வில்லன் கத்தியை எடுத்து, கதாநாயகன் மதில் ஏறிக் குதிக்கிற நேரம் பார்த்து, தியேட்டரில் ஒரு மூலை மட்டும் தடதடவென்று எழுந்து நிற்கும். அது நாங்கள். "ஏய், பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சி, எழுந்திருங்க எழுந்திருங்க" என்று என் அப்பா, அதாவது நைனாதான் குரல் கொடுப்பார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவோம். பின்னாலிருந்து புத்தூர்க்காரர்கள் திட்டுவது காதில் விழும்.

மீதிப் படம் பஸ்ஸில் ஓடும்.

டிக்கெட் போட்டு முடித்ததும் கண்டக்டர் கம்பியில் சாய்ந்துகொண்டு, "இன்னா, இன்னிக்கி கத எதுவரைக்கும் வந்துது?" என்று கேட்பார். அவ்வளவுதான், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வில்லனைப் போலீஸ் பிடித்தது என்பார் ஒருவர், பாம்பு கடித்தது என்பார் இன்னொருவர். அடிதடி வரைக்கும் போகும். கடைசியில் எது எல்லாருக்கும் மனசுக்குப் பிடிக்கிறதோ அது முடிவாகும். மறுநாள் வேர்க்கடலைக்குக் களை எடுக்கும்போது, வராதவர்களுக்கு அந்த முடிவைத்தான் சொல்வார்கள். சொல்லும்போது கதாநாயகி கடைசி சீனில் கட்டியிருந்த புடவை என்ன கலர் என்பது வரைக்கும் சேர்த்துச் சொல்வார்கள். ஒரு வாரம் போனால் எது தியேட்டரில் பார்த்தது, எது பஸ்ஸில் கேட்டது என்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நீலவேணி படத்தைப் பார்த்தபோது எனக்குப் பதினோரு வயசு. நீலவேணி என்பது நான் வைத்த பேர். படத்தின் நிஜப் பேரையோ, அது எந்தப் பெரிய நாவலிலிருந்து எடுத்தது என்பதையோ இங்கே சொன்னால், இந்தக் கதையில் வரப்போகிற இரண்டு குடும்பமும் இன்றைக்கும் கோதாவில் இறங்கிவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படம். புத்தூரில் மறுபடியும் போட்டார்கள்.

நீலவேணி ஒரு ஜமீன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. அவள் பேச வாயைத் திறந்தால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வான். (அடிக்கிறவனையாவது நாலு பேர் கேட்பார்கள். பேப்பர் படிக்கிறவனை யார் போய்க் கேட்பது?) பத்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு விடிகாலையில் அவள் ஆற்றுத் துறைக்கு வருகிறாள். எங்கே பார்த்தாலும் பனி. தண்ணீர் எது, வானம் எது என்றே தெரியவில்லை. படகு ஒன்று தனியாக ஆடிக்கொண்டிருக்கிறது. பின்னால் யாரோ கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம். அவள் ஒரு காலை எடுத்துப் படகில் வைக்கிறாள். தண்ணீரில் வட்டம் வட்டமாக விரிகிறது.

"பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சி, எழுந்திருங்க!"

அன்றைக்கு பஸ்ஸில் நான் பின் சீட்டில் நைனா தோளில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தேன். வெளியே மாந்தோப்புகள் சிவப்பு வெயிலில் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. மலையோரம் புகை படிந்திருந்தது. எனக்கு அந்தப் படகு எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே, தோப்புகளுக்கு நடுவிலேயே மிதந்து வருகிற மாதிரி இருந்தது. கண்டக்டர்தான் ஆரம்பித்தார். அவர் பேச்சில் பாதி தெலுங்கு இருக்கும்.

"ஏமய்யா, படவு ஏறினாளா, லேதா?"

"எங்க ஏறுவா? திரும்பிடுவா. புருஷன வுட்டுட்டு எங்க போறது?" இது பக்கத்து வீட்டு சரோஜா அத்தை.

அப்போது முன்னால் பெண்கள் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. பஸ் கடகடத்ததில் யார் என்று தெரியவில்லை. "திரும்ப மாட்டா."

"திரும்பாம? இன்னாத்த துன்னுவா?"

"பலமனேர் போவா. ரெண்டு மாடு வாங்கி, பால் ஊத்திப் பொழைப்பா."

பஸ் அப்படியே அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு மாடு செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இன்னொன்று கறுப்பு. ஓடு போட்ட சின்ன வீடு. பலமனேர் குளிருக்கு அவள் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு விடிகாலையில் பால் கறக்கிறாள். வருஷங்கள் போகின்றன. ஜமீன் சொத்தெல்லாம் போய், தலை நரைத்து, ஒருநாள் அந்தப் புருஷன் சொம்பைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கே பால் வாங்க வருகிறான். யார் என்று தெரியாமல்தான் வருகிறான். அவள் முகத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. அளந்து ஊற்றுகிறாள். ஊற்றிவிட்டு, கொசுறாக இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறாள். அவ்வளவுதான், சுபம்.

ஊர் வந்து இறங்கும்போது கண்டக்டர் முதற்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கொசுறுப் பால் சொம்பில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். நுரைகூடப் பார்த்தேன்.

அப்புறம் நான் திருப்பதிக்கு டிகிரி படிக்கப் போனேன். எங்கள் ஊரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம். திருப்பதியில் தடுக்கி விழுந்தால் தியேட்டர். ஆனால் ஹாஸ்டல் கேட் ஆறு மணிக்கு மூடிவிடும். அங்கேயும் ஐந்தரைக்கு எழுந்து ஓட்டம்தான். (சிலருக்குத் தலையெழுத்து அப்படி.) எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. முடிவு என்றால் வழியில் வந்துகொண்டே பேசி முடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

காலேஜ் லைப்ரரியில் ஒருநாள் அந்த நாவல் கிடைத்தது. அட்டை கிழிந்து, பக்கமெல்லாம் மஞ்சளாகி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். எதிரே ஏழுமலையும் நீலமாக நின்றது. மேகம் வந்து மூடும், விலகும். படிக்கப் படிக்க மலை, மேகம், ஆறு, பனி எல்லாம் ஒன்றாகிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தது தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் நீலவேணி படகில் கால் வைத்தாள். படகு நகர்ந்தது. நாவல் முடிந்தது.

நான் பக்கத்தைத் திருப்பினேன். பிழை திருத்தம் என்று போட்டு நாலு வரி இருந்தது. மாட்டைக் காணோம்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். இவ்வளவு எழுதின மனுஷனுக்கு இன்னும் பத்துப் பக்கம் எழுத முடியவில்லையா? பேப்பர் தீர்ந்துவிட்டதா? ரூமுக்குப் போய் தோழிகளிடம் தீர்ப்பு சொன்னேன்: "நாவல் சுமார்தான்டீ. படம்தான் காவியம். படம் எடுத்தவருக்குத்தான் கதைய முடிக்கத் தெரிஞ்சிருக்குது." அன்று முதல் இது என் வாழ்க்கையின் உறுதியான இலக்கியக் கருத்தாக இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த வருஷம் சீனிவாசன் ஜாதகம் வந்தது. (திருப்பதியில் தெருவுக்குப் பத்து சீனிவாசன், இவர் அதில் ஒருவர்.) தமிழ்க் குடும்பம், திருப்பதியில் பாத்திரக்கடை. பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று மாசத்தில் அமெரிக்கா போகிறார். அது கம்ப்யூட்டர் படித்தவனெல்லாம் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். சித்தூர் ஜில்லாவில் யாருக்குப் பெண் பார்த்தாலும் "பையன் ஸ்டேட்ஸா?" என்பதுதான் முதல் கேள்வி. என் பேர் பத்மாவதி. "பத்மாவதி, சீனிவாசன், பேரே பொருந்திப் போச்சி. கல்யாணத்த அந்தச் சாமிக்கே கல்யாணம் நடந்த நாராயணவனம் கோயில்லயே வச்சிடலாம்" என்று நைனா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பெண்ணே இன்னும் பார்க்கவில்லை.

எனக்கும் வெட்கமில்லை. போட்டோ வந்த நாளிலிருந்து பன்னிரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் நினைப்பு, கீரை ஆயும்போதும் நினைப்பு. பனி விழுகிற ஒரு தெரு, அதில் நானும் அவரும், கையில் ஆளுக்கொரு புத்தகம். (அமெரிக்காவில் சமையல், துணி துவைப்பது எல்லாம் உண்டு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.) இந்த மனுஷன் கிடைக்காவிட்டால் செத்தே போவேன் என்று மனசார நம்பினேன்.

அவர்கள் வாடகைக் காரில் வந்தார்கள். அப்பா, அம்மா, பையன், மூன்று பேர். பார்க்க வந்த எங்கள் ஊர்க்காரர்கள் முப்பது பேர். அவர் அம்மா கெட்டியான ஆள். வந்ததும் எங்கள் வீட்டுப் பித்தளைத் தவலையைத் தட்டிப் பார்த்து, "எடை கம்மி" என்றார். எங்கள் அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றவள் நின்றவள்தான். அம்மா நாலு பேர் எதிரில் பேசி நான் பார்த்ததில்லை.

"பையனும் பொண்ணும் ரெண்டு வார்த்த பேசிக்கட்டும்" என்றார் அவர் அப்பா. எங்கள் ஊரில் அது புதுசு. எங்கே பேச வைப்பது என்று யாருக்கும் தெரியாமல் மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் அனுப்பினார்கள். முப்பது பேரும் நாகரிகமாகப் பத்தடி தள்ளி நின்றார்கள்.

"புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டாங்க?" என்றார் சீனிவாசன். குரலே எனக்குப் பிடித்துவிட்டது.

"உண்டுங்க."

அவர் அந்த நாவலின் பேரைச் சொன்னார். எனக்குக் கால் தரையில் இல்லை. "மொட்டை மாடியில ஒக்காந்து ஒரே நாள்ல படிச்சேங்க" என்றேன்.

"நான் கடைசிப் பக்கம் படிச்சிட்டு ரெண்டு நாள் சரியாவே சாப்பிடலைங்க. அந்தப் படகு..." என்று சொல்லி நிறுத்திவிட்டு வைக்கோல் போரைப் பார்த்தார். கண்ணில் ஒரு மாதிரி பனி இருந்தது. ஏழுமலையானே, இவர்தான் என்று உள்ளே ஒரே மேளச்சத்தம் எனக்கு.

"படமும் பார்த்தீங்களா? ரெண்டுல எது ஒசத்தி?"

இதற்கு முன்னால் மூன்று வீட்டில் இதே கேள்வியைக் கேட்டு, படம் என்று சொன்ன மூன்று பேரையும் வேண்டாமென்று விட்டு வந்தவர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? என் வாழ்க்கையின் உறுதியான கருத்தைத் தயங்காமல் சொன்னேன்.

"படம்தாங்க."

அவர் முகத்தில் கரண்ட் போய்விட்டது. "எதனால சொல்றீங்க?"

"நாவல்ல அவள அம்போன்னு வுட்டுட்டாரு. படத்துலதான் அவ திரும்பிப் பார்க்காம தன் கால்ல நிக்கறா."

"படத்துல அவ திரும்பி வந்து புருஷன் கால்ல விழறாங்க. அதனாலதான் எனக்கு அந்தப் படமே ஆகாது."

"அய்ய, இல்லைங்க. மாடு வாங்கறா."

"என்னது?"

"மாடுங்க. ரெண்டு. பலமனேர்ல."

அவர் என்னைப் பார்த்தார், கொட்டாயில் கட்டியிருந்த எங்கள் எருமையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "படத்துல மாடே கிடையாதுங்க."

'தப்பா ஞாபகம் வச்சிருக்கேன் போல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்தது. அறிவுள்ளவள் அதைத்தான் செய்வாள். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்ப நான் பொய் சொல்றேனா? ஒண்ணு செவல, ஒண்ணு கறுப்பு. வேணும்னா எங்க நைனாவக் கேளுங்க!" என்று கத்தினேன். பத்தடி தள்ளி நின்ற முப்பது பேரும் இரண்டடிக்கு வந்துவிட்டார்கள்.

"மாடு கீதுங்க. நானே பாத்தேன்" என்றார் நைனா.

"நெத்தியில வெள்ளச் சுட்டிகூட கீது. கழுத்துல மணி கட்டியிருப்பாங்க" என்றாள் சரோஜா அத்தை. மணி எனக்கே புதுசு.

"ஏமய்யா இது? நான் அஞ்சு வாட்டி பார்த்த படம்!" என்றார் அவர் அப்பா. "கால்ல விழறா, கோயில் மணி அடிக்குது, சுபம் போடறான். மாடும் லேது, கீடும் லேது!"

"நீங்க பாத்தது திருப்பதிப் படம். நாங்க பாத்தது புத்தூர்ப் படம்" என்று கூட்டத்தில் ஒருத்தர் சமாதானம் சொல்லப் பார்த்தார். "கொசுறுப் பால் ஊத்துவாளே, அதுகூடவா பாக்கல?" என்று இன்னொருத்தர் பரிதாபப்பட்டார். ஊரே ஒரே குரலில் நின்றது. ஒருத்தராவது மாற்றிச் சொல்ல வேண்டுமே! அது ஒன்றுதான் எங்களைக் கெடுத்தது.

அவர் அம்மா எழுந்து புடவையை உதறினார். "பொண்ணு ஒருத்தி பொய் சொன்னா வயசுன்னு வுட்டுடலாம். ஊரே சேர்ந்துகினு, மூஞ்சிக்கு நேரா, கூசாம சொல்லுது. ஒரு சினிமாவுக்கே இப்படின்னா நாளைக்கு எதுக்குத்தான் பொய் சொல்ல மாட்டாங்க? கார எடுக்கச் சொல்லு சீனு."

பன்னிரண்டு நாள் கட்டின கனவு வாடகைக் காரில் ஏறிப் போகப் போகிறது. அழுதிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "புத்தூர்ல கேசட் கெடைக்கும். போட்டுப் பாத்துடலாம்!"

நைனா மீசையைத் தடவி, "அதுவும் சரிதான்" என்றார். "பாத்துடலாம்" என்றார் அவர் அப்பாவும். இரண்டு அப்பாக்களும் அதே வாடகைக் காரில் ஏறி, ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புத்தூருக்கு டிவியும் வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்துவரப் போனார்கள். (எங்கள் ஊருக்கு டிவி இன்னும் வந்திருக்கவில்லை.)

அந்த இரண்டு மணி நேரம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். சீனிவாசன் மட்டும் கொட்டாய்ப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். நான் அவரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, படம் ஓடி மாடு வந்ததும் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பார், நான் பெரிய மனசோடு மன்னிப்பேன் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன். (அப்போதும் கனவுதான். திருந்துகிற ஜென்மமா?)

டிவியும் டெக்கும் வந்தன. மத்தியான வெளிச்சம் டிவியில் அடிக்கிறது என்று நைனாவின் வேட்டிகளை ஜன்னலில் கட்டினார்கள். ஒரு வேட்டிக் கிழிசல் வழியாக மட்டும் வெயில் நீளமாக உள்ளே விழுந்தது. அதில் தூசு மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. முப்பது பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். படத்தை ஓட்டி ஓட்டித் துறைக்குக் கொண்டுவந்தார்கள். அதே பனி. அதே படகு. பதினோரு வருஷமாக அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலை எடுத்துப் படகில் வைத்தாள். தண்ணீரில் வட்டம் விரிந்தது. எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்குப் பழக்கதோஷத்தில் எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஒருத்தர் செருப்பைத் தேடினார்.

பின்னால் கோயில் மணி அடித்தது. நீலவேணி காலை எடுத்துவிட்டாள்.

"அய்யய்யோ, வேணாம்டி!" என்றாள் சரோஜா அத்தை.

அவள் ஓடினாள். கரையில் நின்ற புருஷன் காலில் விழுந்தாள். அவன் ஒரு கையால் தலையைத் தொட்டான். இன்னொரு கையில் பேப்பர் இருந்தது. சுபம் என்று போட்டார்கள்.

டெக் மட்டும் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓவென்று அழுதேன். சம்பந்தம் போச்சே என்று அழவில்லை. அந்தச் செவலைமாடு, கறுப்புமாடு, ஓட்டு வீடு, தலையில் துண்டு, எல்லாம் ஒரு நொடியில் இல்லாமல் போனது தாங்கவில்லை. ஒரு ஆளே செத்துப்போன மாதிரி இருந்தது.

சீனிவாசன்தான் கேட்டார். "ஏங்க, நீங்க இந்தப் படத்த எங்க பார்த்தீங்க?"

"புத்தூர்ல. மேட்னி."

"கடைசி வரைக்கும் இருந்தீங்களா?"

"பின்ன? அஞ்சு இருபது பஸ்ஸு வரைக்கும் இருந்தோமே" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. எனக்கு மட்டுமில்லை, முப்பது பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. நைனா பேயறைந்த மாதிரி, "அப்ப... அந்தத் திருட்டு நகைப் படத்துல பாம்பு கடிக்கலியா?" என்றார்.

சீனிவாசன் முதலில் தோளைக் குலுக்கினார். அப்புறம் வாயைப் பொத்தினார். அப்புறம் முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாவல் தப்பு பண்ணல. படம் பண்ண தப்ப உங்க பஸ்ஸு சரி பண்ணிடுச்சிங்க" என்றார். அவர் அம்மா சிரிக்கவில்லை. எங்கள் எல்லாரையும் ஒவ்வொருத்தராகப் பார்த்தார்.

"அது சரி. அந்த மாடு வாங்கற சமாச்சாரம். அத மொதல்ல சொன்னது யாரு?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். யாருக்கும் ஞாபகமில்லை. அப்போது சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தாங்க."

அம்மா! முன் சீட்டுக் குரல் அம்மாவுடையதா! பெற்ற மகளுக்கே தெரியவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்றார் சீனிவாசனின் அம்மா.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "ஒண்ணுமில்லைங்க. நானா இருந்தா அதத்தான் பண்ணியிருப்பேன்" என்றாள்.

நைனா அம்மாவை ஒருநாளும் அடித்ததில்லை. குடித்ததில்லை. அம்மா பேச ஆரம்பித்தால் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார், அவ்வளவுதான். முப்பது பேர் எதிரில் அவர் தலையைக் குனிந்துகொண்டு வேட்டிக் கரையை நோண்டிக்கொண்டிருந்தார். என் மனசு என்னமோ பண்ணியது. இருபத்திரண்டு வருஷம் அதே வீட்டில் இருந்து, படித்தவள் என்று பீற்றிக்கொண்டு, நாவலையும் சினிமாவையும் ஒப்பிட்டு உயர்த்தித் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா மனசுக்குள் பலமனேர் வரைக்கும் போய் ஒரு வீடே கட்டிவைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

அவர் அம்மா எழுந்தார். கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். நேராகச் சமையலறைக்குப் போய், என் அம்மா பக்கத்தில் மணைப்பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு மாடு வேளைக்கு எவ்ளோ கறக்கும்னு வச்சிக்கினீங்க?"

"ஆறு லிட்டருங்க" என்றாள் அம்மா, யோசிக்கவே இல்லை.

"ஆறு வச்சிக்கினா ரெண்டு மாட்டுல குடும்பம் ஓடாது சம்பந்தி. ஒண்ணு வத்திடுச்சின்னா? மூணாவதா ஒண்ணு வாங்கிப் போடணும். எனக்குப் பாத்திரக் கடையில ஒக்காந்து ஒக்காந்து கணக்கு அத்துபடி."

சம்பந்தி என்ற வார்த்தையைக் கேட்டு சரோஜா அத்தை குலவை போட்டேவிட்டாள். உள்ளே அந்த இரண்டு பெண்களுக்கும் அது காதில் விழவில்லை. பருத்திக்கொட்டையா, தவிடா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாராயணவனத்தில் கல்யாணம் நடந்தது. பனி விழுகிற ஊருக்கு வந்து சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. (தெருவில் புத்தகத்தோடு நடக்க முடியாது, வழுக்கும்.) அந்தப் பெண் பார்த்த கதையை என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பார். எங்கள் பிள்ளைகள் எந்தப் படம் பார்த்தாலும், முடிவு பிடிக்கவில்லையென்றால், "அஞ்சு இருபது பஸ்!" என்று கத்திவிட்டு டிவியை நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் சீனிவாசனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர்கள் வந்துபோன மறுநாள் விடிகாலை சமையலறையில் டப்பா உருளுகிற சத்தம் கேட்டு நான் எழுந்து போனேன். நைனா நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சர்க்கரைக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா?" என்றேன். "சத்தம் போடாத. உங்கம்மா தூங்கறா. காப்பித்தூள் எது?" என்றார். அன்று அவர் போட்டதை மனுஷர் குடிக்க முடியாது. அம்மா எழுந்து, டம்ளரையும் அவரையும் பார்த்துவிட்டு, முழுசாகக் குடித்தாள்.

அன்றிலிருந்து ஒருநாள் தவறினதில்லை. இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நான் போன் போட்டால் அங்கே விடிந்திருக்கும். முதலில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்கும். "சக்கர பத்துச்சா?" என்பார் நைனா. "சுமாரா கீது" என்பாள் அம்மா. அந்தச் 'சுமாரை' வாங்கிக்கொண்டு அவர் நாள் பூரா சந்தோஷமாக இருப்பார்.

போன மாசம் பேசும்போது எனக்குத் தாங்கவில்லை, கேட்டேவிட்டேன். "ஏம்மா, இப்பவாவது உண்மையச் சொல்லு. நீ நெஜமாவே போயிருப்பியா?"

போனில் டம்ளரைக் கையில் எடுக்கிற சத்தம் கேட்டது.

"அப்பறம் பேசறேன்டி" என்றாள் அம்மா. "காப்பி ஆறுது."